திரையில் காணும் உடற்கூறு

ஆசிரியர் ஏட்டைப் படிக்க, வேறொருவர் உடலை அறுத்துக் காட்டிய காலத்திலே, வெசாலியஸ் தாமே அறுத்துக் கற்பித்தார். கண்டவற்றை 1543ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். இன்று மருத்துவ மாணவர்க்கு அறுவை சிகிச்சை வீடியோ ஒரு புதிய துணையாக வந்துள்ளது. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. பதப்படுத்திய சடலத்தில் நிறம் மங்கிக் கிடக்கும் உறுப்புகள் திரையிலே உயிரோடு விளங்குகின்றன. இரத்தக் குழாய் துடிக்கிறது, குடல் அசைகிறது.

குறை எங்கே? பித்தப்பையை அகற்றும் படத்தைக் காண்க. பிரஞ்சு மருத்துவர் காலோ 1891இல் விவரித்த முக்கோணம் அதில் தெளிவாகத் தெரியும். கொழுப்பை விலக்கி அதைத் தெளிவாக்கியதோ சிகிச்சை செய்தவரின் கை. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் பொதுக் குழாயையே பித்தப்பைக் குழாயென மயங்கி வெட்டிவிடுதல் இச்சிகிச்சையில் நன்கறிந்த விபத்தாகும். அம்மயக்கம் தேடும்போது நேர்வது. சுருக்கித் தொகுத்த படமோ தேடிக் கண்டதை மட்டுமே காட்டுகிறது.

ஆகவே, ஆசிரியர் படத்தை இடையிலே நிறுத்தி, “இது எந்தக் குழாய்? எதனால் அறிந்தாய்?” என்று கேட்டல் வேண்டும். மாணவனும் அதைச் சடலத்தில் தொட்டுத் தேடிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறன்றி வெறுமனே ஓட விடும் படம் வேடிக்கையாகவே முடியும்.