நூலகத்தின் வாயில்

வழிப்போக்கரும் இளைப்பாறுமாறு சங்கடப்படலை அமைத்தவர் நம் முன்னோர். வீட்டார் பெயர் அறியாதானுக்கும் அஃது இடந்தரும். இணையதளத்தின் முகப்பும் அத்தகையதாதல் வேண்டும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையை அறிந்த நமக்கு, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தின் அருமையை விளக்க வேண்டுவதின்று. ஈண்டு ஆராயப் புகுவது அதனை நாடி வருவோர் நூலை அடையும் வழியையே.

ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என நூல்களை வகுத்தமை அதன் சிறப்பு. கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியின் நூல்களை நாடுபவன், பெயர் அறிந்தவனாதலின், எளிதிற் பயன் பெறுவான். பொருளை மட்டும் அறிந்த மாணவன் நிலை யாது? பக்கங்களைப் படமாக்கிய கோப்பினுள், எழுத்துணரி கொண்டு அவற்றைப் பாடமாக்கினாலன்றி, ஒரு சொல்லைத் தேடல் இயலாது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்துவடிவில் தருதலின் அவ்விடர்ப்பாடு அங்கில்லை. ஆயினும் மூலப்பதிப்பின் தோற்றத்தை எழுத்துவடிவம் காட்டாது. ஆதலின் படமும் பாடமும் ஒருங்கே அமைதல் நன்று.

நூலைக் காத்தலோடு பணி முற்றுப்பெறுவதில்லை. பெயர் அறியாது வரும் மாணவனும் தான் வேண்டியதைக் கண்டடைவானாயின், அன்றே அவ்வாயில் சங்கடப்படலையின் பண்பினைப் பெறும்.