திரும்பி வரும் படிவம்

இணையப் படிவம் ஒன்றின் தரம் தெரிய வேண்டுமென்றால் அதை வேண்டுமென்றே தப்பாக நிரப்பிப் பார்க்க வேண்டும். பின்கோடில் ஐந்தே இலக்கம், மின்னஞ்சலில் பாதி முகவரி, வீட்டு முகவரிக் கட்டத்தில் மட்டும் கதவு எண்ணிலிருந்து மாவட்டம் வரை ஒழுங்கான நாலு வரி. எழுதி அனுப்ப வேண்டும். சரியாக நிரப்பியதை எந்தத் தளமும் வாங்கிக்கொள்ளும். தப்பாக நிரப்பியதைத் திருப்பித் தரும்போதுதான் செய்தவரின் கை தெரியும். நாலு வரி முகவரி அப்படியே இருக்கிறதா, பின்கோடுக்குக் கீழே மட்டும் குறிப்பு வந்திருக்கிறதா? இல்லை, எல்லாக் கட்டமும் வெறுமையாகி, மேலே சிவப்புப் பட்டையில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று நிற்கிறதா? அந்தக் கால வங்கிக் கவுன்டரில் செலானைத் திருப்பும்போது தப்பான இடத்தைப் பென்சிலால் சுழித்துத் தருகிற குமாஸ்தாவும் இருந்தார், ‘வேற எழுதிட்டு வாங்க’ என்று கிழித்துப் போடுகிறவரும் இருந்தார். படிவம் செய்கிறவர்களும் அப்படித்தான்.

பென்சில் சுழி போடுவது இணையத்தில் அத்தனை எளிதில்லை. பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ‘ப்ரிசர்வ் லாக்’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் படிவத்தை அனுப்பினால் காரணம் புரியும். பல தளங்களில் முதலில் ஒரு போஸ்ட் வரி வரும். அதன் பக்கத்தில் 302. உடனே அதன் கீழே ஒரு கெட் வரி, பக்கத்தில் 200. போஸ்டில் நாம் எழுதியது எல்லாம் சர்வருக்குப் போகிறது. சர்வர் சரிபார்த்து, பின்கோடு தப்பு என்று கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் பக்கத்தைத் தருவதில்லை. ‘இந்த முகவரிக்குப் போ’ என்று லொகேஷன் வரி ஒன்றை மட்டும் தருகிறது. பிரௌசர் அந்த முகவரிக்குப் போய்ப் புதிதாகக் கேட்கிறது. இந்த இரண்டாவது கோரிக்கையில் நாம் எழுதியது ஒரு எழுத்துகூட இல்லை. எச்.டி.டி.பி.க்கு முந்தின கோரிக்கையைப் பற்றிய ஞாபகம் கிடையாது. பிழையைக் கண்டுபிடித்த கோரிக்கை முடிந்துபோயிற்று. பக்கத்தை வரைய வேண்டிய கோரிக்கைக்கோ ஒன்றும் தெரியாது. நடுவே இருக்கும் அந்த ஒரு பள்ளத்தைத் தாண்டிச் சேதி போய்ச் சேர வேண்டும். நான் ரசிப்பது இந்தத் தாண்டலைத்தான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? போஸ்டுக்குப் பதிலாக நேரடியாகவே பக்கத்தைத் தந்தால், பயனர் ரீஃப்ரெஷ் செய்யும்போது ‘படிவத்தை மறுபடி அனுப்பட்டுமா’ என்று பிரௌசர் ஒரு பெட்டி போட்டுக் கேட்கும். யோசிக்காமல் ஆமென்றால் ஒரு ஆர்டர் இரண்டு ஆர்டராகும். அதனால்தான் போஸ்டை முடித்ததும் வேறு முகவரிக்கு அனுப்பிவிடும் பழக்கம் வந்தது. மைக்கேல் ஜூராவ்லெவ் 2004இல் எழுதிய ‘ரீடைரக்ட் ஆஃப்டர் போஸ்ட்’ கட்டுரைக்குப் பிறகு, போஸ்ட்–ரீடைரக்ட்–கெட் என்ற பெயரை அறியாத வெப் புரோகிராமர் குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையும் உண்டு. 1996இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணம் 302ஐப் பற்றிச் சொல்லும்போது, போஸ்டுக்கு இந்தப் பதில் கிடைத்தால் சில பிரௌசர்கள் தவறுதலாக அதைக் கெட்டாக மாற்றிவிடுகின்றன என்று குறை சொல்லிக் குறிப்பெழுதியது. அந்தத் தவறின் மேல்தான் வெப் உலகம் வீடு கட்டிக்கொண்டது. ஆவணம் எழுதுகிறவர்கள் இறங்கிவந்து, 1997இல் எச்.டி.டி.பி. 1.1இல் 303 என்று தனி எண்ணே கொடுத்தார்கள்: போஸ்டை முடித்தாகிவிட்டது, விளைவை இங்கே போய் கெட்டால் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். போஸ்ட் போஸ்டாகவே தொடர வேண்டுமானால் அதற்கு 1999இல் 307 வந்தது. இத்தனைக்குப் பிறகும் பல ஃப்ரேம்வொர்க்குகள் பழக்கதோஷத்தில் 302ஐயே அனுப்புகின்றன, வேலை நடந்துவிடுகிறது. நெட்வொர்க் பகுதியில் எங்காவது 303 கண்ணில் பட்டால் மட்டும், யாரோ ஆவணத்தைப் படித்திருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

கறாராகப் பார்த்தால், இந்த வாதமெல்லாம் வெற்றிக்குத்தான் பொருந்தும். பிழையுள்ள படிவத்தில் எதுவும் சேமிக்கப்படவில்லை. ரீஃப்ரெஷ் செய்து மறுபடி அனுப்பினாலும் மறுபடி அதே பிழைதான் வரும். எனவே பிழையென்றால் ரீடைரக்ட் வேண்டாம், அங்கேயே படிவத்தைத் திரும்ப வரைந்து கொடு என்பது ஒரு கட்சி. ஜாங்கோ, ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்குகள் இரண்டும் அந்தக் கட்சி. அதில் சேதி தாண்ட வேண்டிய பள்ளமே இல்லை. ஆனால் வேறு அசிங்கங்கள் உண்டு. பழைய ரெயில்ஸில் ‘ஆர்டர்ஸ்/நியூ’ என்ற முகவரியில் இருக்கும் படிவத்தைத் தப்பாக அனுப்பினால், திரையில் அதே படிவம் நிற்கும், முகவரிப் பட்டையிலோ வெறும் ‘ஆர்டர்ஸ்’ என்று இருக்கும். அந்த முகவரியில் எண்டர் தட்டினால் படிவம் போய் ஆர்டர் பட்டியல் வந்து நிற்கும். 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7, படிவங்களைத் தானே அனுப்பிப் பதிலை வாங்கும் டர்போ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கூடவே கொண்டுவந்தபோது இன்னொரு கூத்து. படிவத்துக்கு 200 என்று பதில் வந்தால் டர்போ அதை ஏற்காது. ரீடைரக்ட் வேண்டும், அல்லது 422 போன்ற பிழை எண் வேண்டும். பழைய ரெயில்ஸ் நிரல்களில் பிழைப் பக்கம் சர்வரிலிருந்து சரியாகவே வந்து சேர்ந்தது, திரையில் மட்டும் ஒன்றும் அசையவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு எது தப்பென்றே தெரியாது.

பி.எச்.பி. உலகத்து லாரவெல் எதிர்க்கட்சி. பிழையானாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். இந்தக் கட்சியில் வேலை அதிகம், அதனாலேயே கலையும் அதிகம். பிழைகளையும் பயனர் எழுதியதையும் செஷனில், அதாவது அந்தப் பயனருக்கென்று கோரிக்கைகளைத் தாண்டி நிற்கும் நினைவில், வைத்துவிட்டு 302 கொடுக்க வேண்டும்; அடுத்த கோரிக்கை அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்; எடுத்த பிறகு அவை அங்கே இருக்கவும் கூடாது. இருந்தால், நாளைக்கு வேறு வேலையாக வருகிறவரையும் ‘பின்கோடு தப்பு’ என்று வரவேற்கும். ஒரே ஒரு கோரிக்கைக்கு மட்டும் உயிர் வாழும் இந்த ஞாபகத்தை ஃப்ளாஷ் என்கிறார்கள். ரெயில்ஸிலும் ஃப்ளாஸ்கிலும் அதே பெயர், ஏ.எஸ்.பி.டாட்நெட் எம்.வி.சி.யில் டெம்ப்டேட்டா, ஸ்ப்ரிங்கில் 3.1 பதிப்பிலிருந்து ஃப்ளாஷ் ஆட்ரிப்யூட்.

லாரவெல் இதைச் செய்கிற விதம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. கடிகாரம் வைத்து ‘பத்து நொடி கழித்து அழி’ என்று சொல்வதில்லை. செஷனுக்குள் இரண்டு பட்டியல், ‘நியூ’ என்றொன்று, ‘ஓல்ட்’ என்றொன்று. ஃப்ளாஷ் செய்த பொருளின் பெயர் ‘நியூ’வில் ஏறும். ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் செஷனைச் சேமிக்கும்போது, ‘ஓல்ட்’ பட்டியலில் பெயர் உள்ள பொருள்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ‘நியூ’ பட்டியலை அப்படியே ‘ஓல்ட்’ ஆக்கி, ‘நியூ’வைக் காலி செய்கிறது. போஸ்டின் முடிவில் நம் பின்கோடு பிழை ‘ஓல்ட்’டுக்கு நகர்கிறது. அடுத்த கெட் வந்து அதைப் படித்துப் பக்கத்தை வரைகிறது. அந்தக் கெட்டின் முடிவில் பிழை போய்விடுகிறது. சில வரி நிரல்தான். யாரும் ‘படித்தாகிவிட்டது, அழி’ என்று சொல்ல வேண்டியதில்லை. வயதாகித் தானே உதிர்கிறது.

இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. லாரவெலில் ‘எரர்ஸ்’ என்ற மாறி எல்லாப் பக்கத்துக்கும் எப்போதும் கிடைக்கும், பிழையே இல்லாவிட்டாலும். இடையில் உள்ள ஒரு மிடில்வேர், செஷனில் பிழை இருந்தால் அதையும் இல்லாவிட்டால் ஒரு வெறும் பையையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பக்கம் எழுதுகிறவர் ‘அப்படி ஒன்று இருக்கிறதா’ என்று தட்டுத்தடுமாற வேண்டாம். ஒரே பக்கத்தில் லாகின் படிவமும் பதிவுப் படிவமும் இருந்தால் பிழைப் பைக்குப் பெயர் வைக்கலாம். லாகினில் செய்த தப்புக்குப் பதிவுக் கட்டம் சிவக்காது.

எதைக் கொண்டுபோவது என்பதைவிட எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் ரசனை அதிகம் தெரிகிறது. எழுதிய எல்லாவற்றையும் செஷனில் போட்டுத் திருப்பித் தரும் லாரவெல், கடவுச்சொல், அதன் மறுபதிவு, இப்போதைய கடவுச்சொல் என்ற மூன்றை மட்டும் தானாகவே விட்டுவிடும். அட்டை எண்ணையும் சி.வி.வி.யையும் நாம்தான் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கோப்பைத் திருப்பித் தர யாராலும் முடியாது: கோப்புக் கட்டத்தில் வெளியிலிருந்து மதிப்பை வைக்கப் பிரௌசரே விடாது, பாதுகாப்புக்காக. ஆகவே நல்ல படிவம் போட்டோவைத் தனியே முன்கூட்டி ஏற்றி வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ‘போட்டோவை மறுபடி தேர்ந்தெடுங்கள்’ என்று வாய்விட்டாவது சொல்லும்.

டிக் கட்டம்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. ‘சலுகைச் செய்திகள் அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருக்கிறது. பயனர் அதை எடுத்துவிட்டு, கூடவே தொலைபேசி எண்ணைத் தப்பாக எழுதி அனுப்புகிறார். டிக் இல்லாத கட்டத்தைப் பிரௌசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. மதிப்பு ‘இல்லை’ என்றுகூட அனுப்பாது, பெயரே வராது. பழைய மதிப்பைத் தேடும் ‘ஓல்ட்’ செயல்கூறு, செஷனில் பெயர் இல்லாததைக் கண்டு, நாம் மாற்றாகக் கொடுத்து வைத்த டேட்டாபேஸ் மதிப்பை எடுத்து வைக்கும். அங்கே ஆம் என்று இருக்கிறது. படிவம் திரும்பி வரும்போது டிக் மறுபடி ஏறி உட்கார்ந்திருக்கும். பயனர் தொலைபேசி எண்ணை மட்டும் திருத்தி அனுப்புவார். வேண்டாமென்று சொன்ன செய்திகள் வரத் தொடங்கும். மருந்து ஒரு வரி: அதே பெயரில் பூஜ்யம் மதிப்புள்ள மறைகட்டம் ஒன்றை டிக் கட்டத்துக்கு முன்னால் வைப்பது. ரெயில்ஸின் டிக் கட்டம் இதைத் தானாகவே வைத்துக்கொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் நான் ரெயில்ஸ் கட்சிக்கு ஓட்டுப் போடுவேன்.

ஒரு கோரிக்கைக்கு மட்டும் வாழ்வதே ஃப்ளாஷின் அழகு, அதுவே அதன் ஆபத்தும். பக்கத்தின் மூலையில் அறிவிப்புகளைச் சில நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். வேறொரு டேபில் அதே தளம் திறந்திருந்தால் அதுவும் ஓடும். அந்தப் பயனரின் எல்லா டேபுக்கும் செஷன் ஒன்றே. 302க்கும் கெட்டுக்கும் நடுவில் அந்த எட்டிப் பார்த்தல் நுழைந்துவிட்டால் பிழைச் செய்தியை அது தின்றுவிடும். பயனருக்குக் கிடைப்பது செய்தியும் இல்லாத, எழுதியதும் இல்லாத வெறும் படிவம். எப்போதோ ஒருமுறை நடக்கும், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஸ்கிரிப்ட் கேட்கும் முகவரியைச் செஷனுக்கு வெளியே வைப்பவர் அனுபவஸ்தர்.

செஷனே வேண்டாமென்று பிழைச் செய்தியை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. ரீஃப்ரெஷ் செய்தாலும் போகாது, புக்மார்க் செய்தால் கூடவே வரும். அதைவிட மோசம், ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று யார் வேண்டுமானாலும் வாலில் எழுதி இணைப்பை அனுப்பலாம். நம் தளமே நம் எழுத்துருவில் அதைக் காட்டும்.

இனி கண்ணுக்குத் தெரியும் பகுதி. இதில் பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டம் வகுத்த முறையை மிஞ்சியதை நான் பார்க்கவில்லை. பக்கத்தின் உச்சியில் ஒரு பெட்டி. அதில் பிழைகளின் பட்டியல். ஒவ்வொன்றும் ஒரு இணைப்பு. தொட்டால் அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விடும். கட்டத்தின் அருகிலும் அதே செய்தி, சொல் மாறாமல். பக்கம் வந்ததும் கீபோர்டு குவியம் அந்தப் பெட்டிக்குப் போகும். என்னை மிகவும் கவர்ந்தது டேபில் தெரியும் தலைப்பு: அதன் முன்னால் ‘பிழை:’ என்று சேர்க்கச் சொல்கிறது. ரீடைரக்ட் ஆகி வருவது புதுப் பக்கம். பார்வையற்றவரின் ஸ்க்ரீன் ரீடர் புதுப் பக்கத்தில் முதலில் வாசிப்பது பெரும்பாலும் தலைப்பைத்தான். தலைப்பு பழையபடியே இருந்தால், படிவம் போய்ச் சேர்ந்ததா திரும்பி வந்ததா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு சொல், முதல் நொடியிலேயே விடை.

செய்தியின் வாசகத்திலும் கை தெரியும். ‘தவறான உள்ளீடு’ என்பது நிரலின் பேச்சு. ‘பின்கோடில் 6 இலக்கம் இருக்க வேண்டும்’ என்பது மனிதர் பேச்சு. பயனர் எழுதிய ஐந்து இலக்கத்தை அப்படியே விட்டுவைத்து இதைச் சொன்னால், விட்டுப்போன ஒன்றை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

எல்லாம் இப்படி அமைந்திருந்தும் கோபம் வரவழைக்கும் படிவம் ஒன்று உண்டு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயரில் குறைந்தது 2 எழுத்து வேண்டும் என்று விதி. அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்திருக்கிற நம்மவர் ‘கே’ என்று ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டு அனுப்புகிறார். ஃப்ளாஷ் பிசகாமல் வேலை செய்கிறது. எழுதியது எல்லாம் அப்படியே இருக்கிறது, தலைப்பில் ‘பிழை:’, குவியம் சரியான இடத்தில், செய்தி தெளிவான சொற்களில். அவர் பெயர்தான் தப்பாம். அப்பா பெயரை முழுதாக எழுதி அனுப்புகிறார், படிவம் வாங்கிக்கொள்கிறது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் இதுவும் ஏன் வேறுவேறாக இருக்கிறது என்று விமான நிலையத்திலோ வங்கியிலோ ஒருவர் பின்னால் கேட்பார். அந்தக் கேள்வி எந்த நெட்வொர்க் பகுதியிலும் பதிவாகாது.