நகையும் எதிர்நகையும்: புலமைக் குழுக்களின் அளவளாவல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே துறையைச் சார்ந்தோர் தம் துறைக்குப் புறம்பான செய்திகளைப் பேசிச் சிரித்து மகிழும் அளவளாவல், தமிழ் இலக்கிய வரலாற்றில் பெரும்பாலும் சுவையான துணைச்செய்தியாகவே இடம்பெற்று வருகிறது. அவ்வளவளாவலின் பதிவுகளாகக் கொள்ளத்தக்க தனிப்பாடல் கதைகள், வட்டத்தொட்டி பற்றிய செய்திகள், எழுத்தாளர் கடிதங்கள், நட்பு நினைவுக் கட்டுரைகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்கே வைத்து நோக்குகிறது. ஒருவர் எழுப்பும் நகை அவரிடமே திரும்பிவர இடமுண்டா என்பதே நட்பு நகையையும் இகழ்ச்சியையும் பிரிக்கும் அளவுகோல் என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், தனிப்பாடல், இரட்டைப்புலவர், வட்டத்தொட்டி, கடித இலக்கியம், பண்புடைமை

முன்னுரை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. அலுவல் முடிந்த மாலைப்பொழுதில் அப்பகுதித் தேநீர்க் கடைகளில் நிற்போரின் பேச்சைச் சிறிது நேரம் கேட்டால் ஒன்று விளங்கும். நாள் முழுதும் கோப்புகளோடு இருந்தவர்கள் அங்கே கோப்புகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஏரியில் நீர் ஏறியதா, கார்த்திகைத் தீபத்துக்கு எத்தனை உறவினர் வந்து தங்கப்போகிறார்கள், புதிதாக வாங்கிய வண்டியை ஒருவர் ஏன் இன்னும் உருட்டிக்கொண்டே வருகிறார் என்பனவே பேச்சு. கேலிக்கு உள்ளானவர் அடுத்த நொடியில் கேலி செய்தவரைத் திருப்பி மடக்குகிறார். பேசிய செய்தி எதுவும் எவர் நினைவிலும் நிற்பதில்லை. பேசிய உறவு நிற்கிறது.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இம்மாவட்டத்து ஆய்வு மாணவர் ஒருவர் கட்டுரை படிக்கையில், 'சொல்லிக்கொண்டு' என்னுமிடத்தில் வாய்தவறிச் 'சொல்லிக்கினு' என்றார். தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு வினையோடும் அந்த 'கினு'வைச் சேர்த்துப் பேசிக் காட்டினார். அவையே சிரித்தது, இக்கட்டுரையாளரும் சிரித்தார். மாணவரும் சிரித்தார், ஆனால் பிற்பகல் அமர்வில் அவருடைய இருக்கை காலியாக இருந்தது.

தேநீர்க் கடையிலும் கருத்தரங்கிலும் நிகழ்ந்தவை இரண்டும் ஒரு துறையினர் தம் துறைக்கு வெளியே பேசிய வேடிக்கைப் பேச்சுகளே. முன்னது உறவை வளர்க்க, பின்னது ஓர் இருக்கையைக் காலியாக்கியது ஏன்? இவ்வினாவுக்கான விடையை நம் இலக்கண, இலக்கிய மரபிலிருந்தே தேட முடியும்.

1. மெய்ப்பாட்டியலும் பண்புடைமையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. இவற்றுள் எள்ளல் முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இதற்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இருவகைப்படுத்துகிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இப்பகுப்பை வகைப்பாட்டு நுட்பமாக மட்டும் கொண்டு கடந்துவிட இயலாது. எள்ளலுக்கு இரு முனைகள் உண்டு என்பதும், எள்ளப்பட்டவரும் நகுதற்குரியவரே என்பதும் இவ்வுரையால் பெறப்படுகின்றன. செய்யுளியலும் உரைநடையின் வகைகளை எண்ணுமிடத்துப் பொருளோடு கூடிய நகைமொழிக்கு ஓரிடம் தருகிறது. நகைமொழி இலக்கணத்தின் பார்வைக்குப் புறம்பானதன்று என்பதற்கு இது சான்று.

திருக்குறளை முன்னிறுத்தி இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பயனில சொல்லாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். நட்பு என்னும் அதிகாரத்திலோ, நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்கன்று, நண்பர் நெறி கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கே என்கிறார். எனினும் பண்புடைமை அதிகாரத்தை இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டும். அவ்வதிகாரத்தின் 995ஆம் குறள், விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பம் தருவது என்கிறது. அதே அதிகாரத்தின் 999ஆம் குறள், பிறரோடு கலந்து மகிழ மாட்டாதார்க்கு இவ்வுலகம் பகலிலும் இருளில் கிடப்பதே என்கிறது. ஒரே அதிகாரத்துள் நான்கு குறள் இடைவெளியில் தடையும் விதியும் நிற்கின்றன. வள்ளுவர் விலக்குவது இகழ்ச்சியை. வேண்டுவது கலந்து மகிழ்தலை. இடித்துரைத்தலும் கலந்து மகிழ்ந்த பழக்கம் உள்ளவிடத்தே செவியேறும். ஒருநாளும் தம்மோடு சிரித்திராதவரின் கண்டனத்தை எவரும் நட்பின் குரலாகக் கேட்பதில்லை.

2. செவியும் சுவரும்: புலவர் கதைகள் இரண்டு

தனிப்பாடல்கள் 19ஆம் நூற்றாண்டில் திரட்டி அச்சிடப்பட்டபோதும் அதன் பின்னரும், அவற்றைச் சூழ்ந்த கதைகளும் உடன் வழங்கின. இக்கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் புலவர் குழாம் தன்னை எவ்வாறு நினைவுகூர விரும்பியது என்பதற்கு அவை சான்றாகும். ஒன்றற்கொன்று எதிரான இரு கதைகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது, வாதில் தோற்றவரின் செவியை அறுக்கும் வில்லிபுத்தூரார் கதை. திருவண்ணாமலையோடு வாழ்வு பிணைந்த அருணகிரிநாதர், கந்தரந்தாதியில் தகர வருக்கத்தாலேயே அமைந்த 54ஆம் பாடலைப் பாட, அதற்கு உரைகாண இயலாது வில்லிபுத்தூரார் தோற்றார் என்பர். வென்றவர் செவியை அறுக்காது விட்டார். கருணைக்கு அருணகிரி என்னும் வழக்கை இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவதும் உண்டு. இக்கதையில் புலமை உண்டு, விளையாட்டுச் சொல்லும் உண்டு. அளவளாவல் மட்டும் இல்லை. ஒரு தரப்பின் சொல்லுக்கு மறுதரப்பு தரவேண்டியது செவி. அங்கே எதிர்ச்சொல்லுக்கு இடமில்லை.

இரண்டாவது, இரட்டைப்புலவர் கதை. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் பாடிய இவ்விருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் ஒருவர் அமர்ந்து ஊர் ஊராய்ச் சென்றனர். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிப்பார். குளத்தில் துவைக்கையில் ஆடை நழுவிப்போக, அதனைக் கேலி செய்தவருக்கு நழுவவிட்டவர் தந்த விடை புகழ்பெற்றது. ஆடையைக் குறிக்கும் கலிங்கம் என்னும் சொல் சொக்கலிங்கம் என்னும் இறைவன் பெயருக்குள் ஒளிந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டி, போன துணிக்கு ஈடாகப் போகாத துணையைப் பெற்றுக்கொண்டார். வறுமை, உடற்குறை, இழப்பு ஆகிய மூன்றும் அந்தக் கேலியில் உண்டு. ஆயினும் அது புண்படுத்தவில்லை. கேலி செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே வெண்பாவின் இரு பாதிகளாக இருப்பதே காரணம். தோளில் அமர்ந்திருப்பவர் தம்மைச் சுமப்பவரை எள்ளலாம். சுமப்பவரும் அவ்வாறே எள்ளலாம்.

இவர்கள் திருவாரூரில் பாதி வெண்பாவைச் சுவரில் எழுதி, முடிக்க இயலாது சென்றனராம். பின்னொரு காலம் திரும்பிவந்தபோது அதனைக் காளமேகம் முடித்துவைத்திருந்ததைக் கண்டனர். அதற்குள் காளமேகம் மறைந்திருந்தார். பாதியில் நின்ற பாட்டை இன்னொருவர் முடிக்கலாம் என்னும் திறந்த நிலையே இக்கதையின் உயிர். வில்லிபுத்தூரார் கதையில் செவி பணயம். இக்கதையில் சுவர் பொதுவிடம்.

3. வட்டத்தொட்டியும் அதன் மையமும்

20ஆம் நூற்றாண்டில் இத்தகைய அளவளாவலுக்குப் பெயர்பெற்ற இடம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி. வட்டவடிவத் தொட்டிக்கட்டில் கூடியமையால் அப்பெயர் பெற்றது. வழக்கறிஞர், நீதித்துறையினர், அரசு அலுவலர், கல்லூரி ஆசிரியர் எனத் தொழிலால் வேறுபட்டோர் தம் தொழிலை வெளியே விட்டுவிட்டு அங்கே கம்பனையும் இசையையும் உணவையும் ஒரே மூச்சில் பேசினர். டி.கே.சி. பின்னர்க் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தும் இவ்விருந்து தொடர்ந்தது. பண்டித நடைக்கு மாறாகப் பேச்சின் உயிர்ப்போடு கவிதையை அணுகும் முறை இக்கூட்டத்தின் கொடை, அதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் வட்டத்துக்கு ஒரு மையம் இருந்தது. கம்பராமாயணப் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என டி.கே.சி. விலக்கினார்; சில இடங்களில் சொற்களைத் திருத்தவும் செய்தார். சுவையையே சான்றாகக் கொண்ட இம்முறையைப் பாட ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. அம்மறுப்பு வலுவாக ஒலித்தது வட்டத்துக்கு வெளியிலிருந்தே என்பது கவனிக்கத்தக்கது. மகிழ்ச்சி மிக்க அவையில் மறுப்புரைப்பது விருந்தில் உப்பில்லை என்பதுபோல் ஆகிவிடக்கூடும். அன்பும் நகையும் நிறைந்திருப்பினும், மையத்தை நோக்கித் திரும்பிவரும் எதிர்நகை குறையுமாயின் புலமை இழப்புக்குள்ளாகும். நட்பினால் நேரும் இழப்பாதலின் அது எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

4. கிடைக்காத மறுபாதி

அளவளாவலைப் பதிவு செய்வதில் இயல்பான ஓர் இடர்ப்பாடு உண்டு. கு. அழகிரிசாமி தம் ஊர்த்தோழர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. காத்துவைத்துப் பின்னர் நூலாக்கினார். இடைசெவல் என்னும் ஒரே ஊரில் பிறந்து, இசையிலும் இலக்கியத்திலும் ஒரே பித்துக் கொண்ட இருவரின் உறவு அவற்றில் துலங்குகிறது. எனினும் நாம் கேட்பது அழகிரிசாமியின் குரலை மட்டுமே. கி.ரா. எழுதியவற்றை அழகிரிசாமியின் விடைகளைக் கொண்டு உய்த்துணர வேண்டியுள்ளது. சுவரில் பாதி வெண்பா. மறுபாதி நம் ஊகம்.

திருவண்ணாமலையில் இம்மரபின் அண்மைக்கால வடிவத்தைப் பவா செல்லதுரையின் கட்டுரை நூல்களில் காணலாம். '19, டி.எம். சாரோனிலிருந்து' என்னும் நூலின் பெயரே ஒரு வீட்டு முகவரி. 'எல்லா நாளும் கார்த்திகை' என்னும் பெயரோ, ஊரெல்லாம் விருந்தினர் நிறையும் ஒரு திருநாளை ஆண்டு முழுமைக்கும் நீட்டுவது. வீட்டையும் விருந்தையும் இலக்கியத்தின் களமாக அறிவிக்கும் தலைப்புகள் இவை. ஆனால் நினைவுக் கட்டுரை என்னும் வடிவம் கடிதத்தைப் போன்றே ஒருவரின் குரல். பலர் சேர்ந்து எழுப்பிய சிரிப்பு ஒருவர் நினைவின் வழியாகவே எழுத்தை அடைகிறது. வந்தவர் பேசியது நிற்கிறது. கூடத்தின் ஓரத்தில் இருந்து கேட்டவர் சொல்லியது நிற்பதரிது. புலமைக் கூட்டங்கள் பற்றிய நம் நினைவுக்குறிப்புகளில் பேசுவோர் பெரும்பாலும் ஆடவராகவே வருவதையும் இத்துடன் இணைத்து எண்ண வேண்டும். யார் சிரித்தார் என்பதைப் பதிவுகள் கூறுகின்றன. சிரிக்க யாருக்கு இடமில்லை என்பதை ஆய்வாளரே வினவ வேண்டும்.

5. பயன் என்னும் வாதம்

துறைசாராப் பேச்சே புதிய ஆய்வுகளைப் பிறப்பிக்கிறது என்று அதற்கு நியாயம் கற்பிப்பாரும் உளர். இவ்வாதம் முழுதும் நிற்பதன்று. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார், தம்மைக் காணவந்த உ.வே. சாமிநாதையர் கற்ற நூல்களின் பட்டியலைக் கேட்டு, அவற்றால் என்ன பயன் என்று வினவியதை 'என் சரித்திரம்' விரிவாகக் கூறுகிறது. 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவருவதற்கு வித்திட்ட அவ்வினாவில் வேடிக்கை சிறிதும் இல்லை. முதல் சந்திப்பில் நட்பும் இல்லை. ஆய்வு வறண்ட வினாவிலிருந்தும் பிறக்கும். எனவே அளவளாவலின் மதிப்பை விளைபொருளைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. உயர்வு தாழ்வால் அடுக்கப்பட்ட ஒரு துறையினரைச் சிறிது நேரமேனும் ஒரே தளத்தில் நிறுத்துவதே அதன் பணி. அப்பணியைச் செய்யாத வேடிக்கைப் பேச்சு எவ்வளவு சுவையுடையதாயினும் அளவளாவல் ஆகாது.

முடிவுரை

பேராசிரியர் உரை எள்ளலுக்கு வகுத்த இரு முனைகளே நட்பு நகையை அளக்கும் கோல் என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். இரட்டையர் நகையில் இரு முனைகளும் உள்ளன. வில்லிபுத்தூரார் வாதில் ஒரு முனையே உண்டு. வட்டத்தொட்டியில் மறுமுனை அன்பினால் மழுங்கியிருக்கக்கூடும். கடிதங்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் மறுமுனை பதிவில் இல்லை.

கருத்தரங்கத் தேநீர் இடைவேளையில் மாணவரின் 'கினு' சிரிப்புக்குள்ளானபோது, அதற்கு ஈடாகப் பேராசிரியரின் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்ட அம்மாணவருக்கு இடமில்லை. காட்டியிருப்பின் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அன்று சிரித்தவருள் ஒருவர் என்ற முறையில் இக்கட்டுரையாளர் கற்றுக்கொண்டது இதுவே. நாம் கூடுமிடம் துறை அறையாயினும் தேநீர்க் கடையாயினும், ஒரு கேலிக்குச் சிரிக்குமுன், கேலிக்குள்ளானவர் வெண்பாவின் மறுபாதியைப் பாட இடம் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.