அலறல் தணிந்த மோரிஸ் மைனர்

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் நோக்கி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1098 சிசி மோரிஸ் மைனர் வாய்விட்டு அலறும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,700 சுற்று. ஐந்தாம் கியர் கிடையாது. பின்னச்சின் 4.22 விகிதப் பற்சக்கரங்களைக் கழற்றி, ரைலி 1.5 காரின் 3.73 கிரவுன் பினியனைப் பூட்டினால் 3,250க்குத் தணியும். பூட்டுவதில்தான் கைத்திறன். பல்லில் நீலச் சாயம் தடவி, கையால் நிதானமாகச் சுழற்றி, தடம் சரியான இடத்தில் பதியும்வரை மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைக்கும் அந்தப் பொறுமை அழகு!

சற்றே உயரமான டயரும் உதவும். வேகமானி மட்டும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பிறகு கண்ணாடியை இறக்கினால் காற்றும், தாரில் டயர் உரசும் ஓசையும் காதுக்கு எட்டும்; பக்கத்தில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேசலாம். மேட்டில் முன்னதாகவே மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். அதில் எனக்குக் குறையில்லை.