வெயில் ஆண்டும் குளிர் ஆண்டும்: பிரெஞ்சு ஒயினை அளக்கும் கோல்கள்

பிரெஞ்சு ஒயினைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர்ப் பெயருக்கு அடுத்து வருவது ஆண்டு. குப்பியில் ஒட்டியிருக்கும் நான்கு இலக்கம் திராட்சை அறுத்த ஆண்டைச் சொல்கிறது; அதைப் பார்த்ததுமே நல்ல ஆண்டு, சுமார் ஆண்டு என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் ஊறிப்போயிருக்கிறது. அந்த முடிவுக்கு அடியில் ஒரு பழைய விதி கிடக்கிறது: வெயில் நன்றாக அடித்த ஆண்டில் ஒயின் நன்றாக இருக்கும். பல தலைமுறைகளுக்கு அது பொய்யில்லை. பொர்தோவிலும் பர்கண்டியிலும் திராட்சை முழுதாகப் பழுப்பதே பாடாக இருந்த காலம் அது. செப்டம்பர் மழையில் குலை அழுகும், சர்க்கரை ஏறாது, புளிப்பு இறங்காது. அதனால் 1947, 1982 போன்ற வெயில் ஆண்டுகள் வரமாகக் கொண்டாடப்பட்டன. இன்று நிலைமை தலைகீழ். முதிர்ச்சி எளிதில் கிடைக்கிறது; புளிப்பும் இலகுவும்தான் அரிதாகிவிட்டன. எது அரிதோ அதை மதிக்கத் தெரியாத அளவுகோல் பயன்படாது. அண்மை விளைச்சல்களைச் சுவைத்து மதிப்பிடுகிறவர்கள் அந்தப் பழைய விதியைக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு முதல் சான்று பர்கண்டியின் போன் நகரத்து அறுவடைத் தேதிகள். 1354 முதல் 2018 வரையிலான தேதிகளைத் திரட்டி வரலாற்றாய்வாளர் தொமா லபேயும் அவருடைய குழுவினரும் 2019ல் வெளியிட்டார்கள். 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28ஆம் தேதி அறுவடை தொடங்கியிருக்கிறது. 1988 முதல் அது சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. முன்பு எப்போதோ ஒருமுறை வந்த சூடான ஆண்டுதான் இப்போது வழக்கமான ஆண்டு. குளிர் ஆண்டு என்று பெயர் வாங்கிய 2021ஐக்கூட இந்தச் சூட்டிலிருந்து பிரிக்க முடியாது. அந்த மார்ச் மாதக் கடைசி வெதுவெதுப்பில் கொடிகள் அவசரப்பட்டு மொட்டு விட்டன. ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் விழுந்த உறைபனி அந்த மொட்டுகளைக் கருக்கியது. தோட்டம் முழுக்க மெழுகு வாளிகளை ஏற்றி வைத்தும் பலர் பாதிக்கு மேல் இழந்தார்கள். சீக்கிரம் துளிர்க்கும் ஷார்டொனே திராட்சைக்குத்தான் அடி பலம். பிறகு மழை, அதன் பின்னே அடிச்சாம்பல் நோய். மதிப்பெண் பட்டியல்களில் 2021 கீழே போனது இப்படித்தான். தோட்டக்காரரின் துயரமும் குப்பிக்குள் இருக்கும் ஒயினின் தரமும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. குறைந்த விளைச்சல் வேறு, குறைந்த ஒயின் வேறு.

ஆண்டை எடைபோடுவதில் பிரான்சுக்குள் ஒரே மரபு கிடையாது என்பதையும் மறந்துவிடுகிறோம். பொர்தோ மரபில் தரம் பண்ணைக்கு உரியது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது பொர்தோ தரகர்கள் விலையை அளவாக வைத்து மெடோக் பண்ணைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒரே பெரிய மாற்றம், 1973ல் முத்தோன் ரோத்ஷில்ட் பண்ணை முதல் வகுப்புக்கு ஏறியது. பர்கண்டி மரபிலோ தரம் மண்ணுக்கு உரியது. 33 கிராண்ட் க்ரூ நிலங்கள், அவற்றின் கீழே பிரமியே க்ரூ, ஊர், வட்டாரம் என்று படிகள். அங்கே க்ளோ த வூஜோ என்ற ஒரே மதில் சூழ்ந்த தோட்டம் ஏறக்குறைய 50 ஹெக்டேர்; அதற்கு 80 பேர் அளவில் சொந்தக்காரர்கள். ஒரே மதில், ஒரே வானிலை, ஒரே ஆண்டு. ஆனாலும் ஒருவர் ஒயின் மற்றவர் ஒயினைப்போல் இருப்பதில்லை. ஆண்டுக்கு ஒட்டுமொத்த மதிப்பெண் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு மதில் போதும் பதிலாக. அல்சாஸ் மரபு திராட்சை வகையை முன்னே வைக்கும். ஷாம்பெய்ன் மரபோ ஆண்டையே பெரும்பாலும் அழித்துவிடும்: பழைய சேமிப்பு ஒயின்களைக் கலந்து, ஆண்டு போடாமல் விற்பதுதான் அங்கே பெருவழக்கு. ழூரா வட்டாரத்தின் வான் ழோன் என்ற ஒயின் பீப்பாயில் ஆறு ஆண்டுக்கு மேல் கிடந்தே வெளிவரும். 2021 விளைச்சலுக்கு 2027 முடியும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனை மரபுக்கும் ஒரே நூறு மதிப்பெண் கோலை நீட்டுவது எப்படி நியாயம்?

சுவைத்துப் பார்க்கும் முறையை லுவார் ஆற்றுப் படுகையின் ஷினோன் ஊர்ச் சிவப்பு ஒயினில் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். திராட்சை காபர்னே ஃப்ரான். அடி அகன்று வாய் குறுகிய, 215 மில்லி கொள்ளும் சோதனைக் கோப்பையில் 50 மில்லி மட்டும் ஊற்ற வேண்டும். மிச்ச இடம் மணத்துக்கு. வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்த்தால், 2021 ஒயினின் விளிம்பு செர்ரிச் சிவப்பில் கசியும். வெயில் ஆண்டான 2022 நடுவிலிருந்து விளிம்புவரை கருஞ்சிவப்பாக நிற்கும். கோப்பையைச் சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றியபின் ஒரு முறை முகர வேண்டும். 2021ல் முதலில் எழுவது ராஸ்ப்பெர்ரியும், பின்னால் மெல்லிய குடைமிளகாய் வாசமும். அந்த வாசத்தைத் தரும் பைரசின் பழம் பழுக்கப் பழுக்கக் குறையும். ஆகவே 2022ல் அதன் இடத்தில் கருநிறப் பழங்களின் மணம் வந்துவிடும். வாயில் ஒரு மடக்கு, கூடவே சிறிது காற்று. நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது அமிலம். நாவல்பழம் தின்றதுபோல் ஈறு இறுகினால் அது டானின். தொண்டையில் சுட்டால் அது ஆல்கஹால். துப்பியபின் எத்தனை விநாடி சுவை நிற்கிறது என்பது கடைசிக் கணக்கு. இந்த ஐந்தாறு இடங்களில் 2022 சிலவற்றிலும் 2021 சிலவற்றிலும் முந்துகிறது. ஒரே எண்ணில் இரண்டையும் அடக்கினால் காணாமல் போவது இந்த விவரங்கள்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மெலிந்த ஒயினுக்குப் பட்டுச்சட்டை போட்டுவிடுகிறீர்கள்; பழுக்காததைப் புத்துணர்ச்சி என்று சொல்லி விற்கப் பார்க்கிறீர்கள் என்பார்கள். 2021 பொர்தோ சிவப்பில் பல ஒயின்கள் உண்மையிலேயே நடுவில் வெறுமையாக இருக்கின்றன. சர்க்கரை போதாமல் சாற்றில் சர்க்கரை சேர்த்து நொதிக்கவைக்கும் பழைய வழக்கத்துக்குச் சிலர் திரும்பினார்கள். அவற்றை நானும் பாராட்டவில்லை. புளிப்பு வேறு, பச்சை வாடை வேறு. புளிப்போடு வாயின் நடுவில் பழச்சுவை நிறைந்திருந்தால் அது குளிர் ஆண்டின் சிறப்பு; புளிப்பு மட்டும் ஓரங்களில் கடித்து நடுவில் தண்ணீராக ஓடினால் அது குறை. வெயில் ஆண்டின் குறைகளை இதே கண்டிப்போடு பார்க்கிறோமா என்பதுதான் என் கேள்வி. தெற்கு ரோனில் கிரெனாஷ் திராட்சை 15 விழுக்காடு ஆல்கஹாலைத் தொட்டு, பழம் ஜாமாகி, இரண்டாவது மடக்கிலேயே சலித்துவிடும் ஒயினைத் ‘தாராளமானது’ என்று மன்னித்துவிடுகிறார்கள். குளிருக்குக் கிடைக்காத இந்த மன்னிப்பு வெயிலுக்கு மட்டும் ஏன்?

இன்னொரு மறுப்பு 2022ஐ முன்வைக்கிறது. அந்தக் கோடை கடும் வறட்சி. ஜூலையில் பொர்தோ இருக்கும் ழிரோந்து மாவட்டத்துக் காடுகள் எரிந்தன. அப்படியும் பொர்தோ சிவப்புகள் அழகாக வந்தன, ஆகவே வெயில் விதி செத்துவிடவில்லை என்கிறார்கள். ஆனால் அந்த ஒயின்களைப் புகழ்ந்தவர்கள் என்ன சொல்லிப் புகழ்ந்தார்கள்? இத்தனை வெயிலிலும் துடிப்பு குறையவில்லை என்றுதான். நான் கேட்கும் கோலைக் கொண்டே அவர்களும் அளந்திருக்கிறார்கள். அந்தத் துடிப்பும் வெயிலின் கொடையன்று. 2003 வெப்ப அலையில் கற்ற பாடம் அது: குலையைச் சுற்றி இலையைக் கிள்ளாமல் நிழலுக்கு விடுவது, அறுவடையை முந்திக்கொள்வது, சாறு இழுப்பதில் நிதானம். சூடு தாங்கும் மர்செலான், தூரிகா நாசியோனால் உள்ளிட்ட ஆறு புதிய வகைகளுக்கு 2021ல் பொர்தோவில் அனுமதி கிடைத்ததும் இதே கவலையால்தான்.

கடைசி மறுப்பு நாக்கையே சந்தேகிக்கிறது. 2001ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் மொரோ, புரோஷே, துபுர்தியே மூவரும் பொர்தோ ஒயினியல் மாணவர் 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஏற்றிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். சுவைத்தல் வெறும் பாவனை என்று இதைக் காட்டிப் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிவது வேறு: கண் நாக்கை முந்துகிறது. கண்ணுக்குத் தெரியும் நிறம் இவ்வளவு ஏமாற்றினால், குப்பியில் அச்சிட்ட ஆண்டு எவ்வளவு ஏமாற்றும்? அதனால்தான் பெயரையும் ஆண்டையும் மறைத்து, ஒரே ஊரின் ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்க வேண்டும் என்கிறேன். பொர்தோவில் அறுவடை முடிந்து ஆறேழு மாதத்தில், பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரிக்கு மதிப்பெண் போட்டு விலை பேசிவிடுகிறார்கள். கலவையே முடிவாகாத ஒயினுக்கு அது தீர்ப்பாகாது.

அந்த முறையில் பார்த்தால் என் தீர்ப்பு இது. பொர்தோ சிவப்பில் 2022 வாங்கிப் பத்தாண்டு வைக்கத் தக்கது. 2021ஐ ஆள் பார்த்து வாங்கி இப்போதே குடிக்கலாம். அல்சாஸ் ரீஸ்லிங்கில் 2021 எனக்கு 2022ஐவிட மேல். வடக்கு ரோன் சிராவிலும் 2021ஐ ஒதுக்குவது நஷ்டம். பர்கண்டியில் 2023 அள்ளிக் கொடுத்த ஆண்டு. பச்சைக் குலைகளை வெட்டி விளைச்சலைக் குறைத்தவர்களின் ஒயினை மட்டும் நம்பலாம். மழையும் நோயும் வாட்டிய 2024ல், மே மாதத் தொடக்கத்தில் ஆலங்கட்டி அடித்த ஷாப்லியில் கிடைப்பதே கொஞ்சம். அதை ஆண்டின் பெயரால் தள்ளிவிடாமல் சுவைத்துப் பார்த்தபின் சொல்லுங்கள். கடைக்காரர் இந்த ஆண்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஆரம்பித்தால், எந்த ஊரில், யார் தோட்டத்தில் என்று கேளுங்கள்.