ஒரே வார்டில் இரண்டு ஊரடங்கு

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் 6,936 பேரிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு, செம்பூரின் எம் மேற்கு, தஹிசரின் ஆர் வடக்கு. நிதி ஆயோக்கும் மும்பை மாநகராட்சியும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. மாதக் கடைசியில் முடிவு வந்தது. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதே வார்டுகளில் குடிசை அல்லாத குடியிருப்புகளில் 16 பேருக்கு வந்திருந்தது.

அந்த வாரம் மாநகராட்சியின் கணக்கில் மும்பை முழுவதற்குமான தொற்று எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். நகரின் ஜனத்தொகை ஒன்றேகால் கோடி. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குடிசைவாசிகள். மூன்று வார்டு முடிவை ஊர் முழுவதற்கும் அப்படியே விரிக்கக் கூடாதுதான். எவ்வளவு குறைத்துப் போட்டாலும், உண்மையில் தொற்றியவர்கள் அறிவிக்கப்பட்டவர்களைப் போலப் பல மடங்கு. தினமும் மாலையில் வெளிவந்த எண்ணை வைத்துத்தான் ஊரடங்கு வேண்டும், வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடந்தது. எத்தனை பேரைச் சோதித்தார்கள், யாரைச் சோதித்தார்கள் என்பதைச் சொன்ன அளவுக்கு அந்த எண் நோயைப் பற்றிச் சொல்லவில்லை.

ஊரடங்குக் கட்டுப்பாடுகளை எடைபோடச் செம்பூரைவிட நல்ல இடம் இல்லை. ஒரே வார்டு அலுவலகம், ஒரே சட்டம், ஒரே போலீஸ். ஆனாலும் சாலையின் ஒரு பக்கம் ஒரு விளைவு, மறு பக்கம் வேறு விளைவு. ஆகவே ஊரடங்கு சரியா தவறா என்ற கேள்வியே என் மனதுக்குப் போதவில்லை. கட்டுப்பாட்டோடு கூட அரசு என்ன கொடுத்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கிறது.

"வீட்டிலேயே இருங்கள்" என்ற உத்தரவை எடுத்துக்கொள்வோம். தாராவியில் பத்தில் எட்டுப் பேர் பொதுக் கழிப்பறையை நம்பி வாழ்பவர்கள். செம்பூர் குடிசைப் பகுதிகளின் பல சந்துகளிலும் இதே நிலைதான். காலை ஐந்து மணிக்கே கையில் டப்பாவோடு வரிசை நிற்கும். ஒருவர் வெளியே வந்த அடுத்த நொடி அடுத்தவர் அதே தாழ்ப்பாளைப் பிடிப்பார். பத்துக்குப் பத்தடி ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தனிமை என்பதற்கு இடமே கிடையாது. ஆய்வை நடத்தியவர்களே குடிசைப் பகுதிகளில் தொற்று பரவியதற்கு நெருக்கத்தையும் பொதுக் கழிப்பறை, தண்ணீர் வசதிகளையும்தான் காரணமாகக் காட்டினார்கள். உத்தரவை மீறியதால் வந்த 57 அல்ல அது. உத்தரவைக் கடைப்பிடிக்க வழியில்லாததால் வந்தது.

சீல் வைத்த முறையிலும் இந்த வேறுபாடு இருந்தது. 2020 மே மாதத்திலிருந்து கட்டடத்தில் தொற்று வந்தால் அந்த மாடியையோ அந்த விங்கையோ மட்டும் அடைத்தார்கள். குடிசைப் பகுதியில் வந்தால் பகுதியையே மூங்கில் கட்டி மறித்தார்கள். நிர்வாகத்துக்கு இதற்கொரு காரணம் இருந்தது: அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி இல்லை. ஆனால் அந்த மூங்கிலுக்கு உள்ளே அகப்பட்டவர்கள் தினக்கூலிக்காரர்கள். மாடி அடைபட்டவருக்கு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது.

இந்த இடைவெளி கொரோனாவோடு பிறந்ததில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-ல் நம்மை வீட்டுக்குள் இருத்தப் பயன்பட்ட சட்டங்களில் அந்த 1897 சட்டமும் ஒன்று. வீடு புகுந்து சோதித்த கெடுபிடிகளால் ஏற்பட்ட கோபத்தில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்து, நெருக்கடியான பகுதிகளை இடித்தது, அகலமான சாலைகள் போட்டது, தாதர்-மாட்டுங்கா திட்டத்தை உருவாக்கியது. நம்மவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மாட்டுங்காவின் மரநிழல் தெருக்களும் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள காற்றோட்டமும் அந்த நோய் விட்டுச்சென்ற சொத்து. மாட்டுங்காவில் இடம் போதாமல்தான் பல தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கு வந்தன. இடிபட்ட சால் குடியிருப்புகளிலிருந்து வெளியேறிய கூலிக்காரர்களுக்கோ அந்த அகலத் தெருக்கள் எட்டவில்லை. இன்னும் நெருக்கமான இடங்களுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நூற்றிருபது ஆண்டு கழித்து வந்த 16-க்கும் 57-க்கும் இந்த வரலாற்றில் ஒரு வேர் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இனி தாராவி. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று. ஆசியாவின் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று அழியப்போகிறது என்றே எல்லோரும் பேசினார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களுக்கு எடுத்துக்காட்டாகத் தாராவியின் பெயரைச் சொன்னார். தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டின் அன்றைய உதவி ஆணையர் கிரண் திகாவ்கரும் அவர் குழுவும் செய்தது என்ன? நோயாளி வரும்வரை காத்திருக்கவில்லை; வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். உள்ளூரில் கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கிப் படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தார்கள். கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்தார்கள். வீட்டில் இல்லாத தனி அறையை அரசு வெளியே உண்டாக்கித் தந்தது. தாராவியில் உண்மையாகப் பலித்த கட்டுப்பாடு இதுதான்.

ஆனாலும் "தாராவி மாடல்" என்ற புகழ்ச்சியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் மும்பையை விட்டே போய்விட்டார்கள். தாராவித் தமிழர்களில் பலருக்கு வேர் நெல்லையிலும் தூத்துக்குடியிலும். மே மாதம் இ-பாஸ் வாங்கியும் வாங்காமலும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். நெல்லை மாவட்டத்தின் கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்தி அவர்களுக்குப் பரிசோதனை நடந்தது. தென்மாவட்டங்களின் எண்ணிக்கை ஏறியது, "மகாராஷ்டிராவிலிருந்து வந்தவர்கள்" என்று அரசு அறிக்கையில் தனி வரி வந்தது. சொந்த ஊரிலேயே அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஏறவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! தாராவியில் குறைந்த எண்ணில் ஒரு பங்கு இப்படி இடம் மாறிய எண். மேலும், மற்ற வார்டுக் குடிசைகளில் 57 என்று வந்த பிறகு, தாராவியிலும் நோய் பெருமளவு பரவி முடிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை ஒதுக்க முடியாது. சாவு குறைந்ததற்கு இளைய வயதினர் அதிகம் இருந்ததும் துணை செய்திருக்கும். திகாவ்கர் குழுவின் உழைப்பை இது சிறிதும் குறைக்காது. ஆனால் மற்ற ஊர்கள் பாடம் கற்க வேண்டுமானால் உழைப்பின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று பிரித்தாக வேண்டும்.

2021 பிப்ரவரியில் காட்சி மாறியது. பிப்ரவரி 1 முதல் லோக்கல் ரயிலில் எல்லோரும், நேர வரம்போடு, ஏறலாம் என்றானது. இரண்டு வாரத்தில் எம் மேற்கு வார்டில் தொற்று வேகமெடுத்தது. செம்பூரின் பெயர் தினமும் செய்தியில் அடிபட்டது. இந்த முறை கட்டடங்கள். ஐந்து பேருக்கு மேல் தொற்று வந்தால் கட்டடத்துக்கே சீல் என்று அன்றைய மாநகராட்சி ஆணையர் இக்பால் சிங் சஹல் அறிவித்தார். ஜனவரி, பிப்ரவரியில் மும்பையில் வந்த தொற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு கட்டடங்களிலிருந்துதான் என்றது மாநகராட்சி.

குடிசைவாசிகளுக்கு முன்பே வந்து எதிர்ப்பாற்றல் கூடிவிட்டது என்பது ஒரு விளக்கம். கட்டடவாசிகள் தாமாகவே போய்ச் சோதித்துக்கொண்டார்கள், கூலி போகும் என்று பயந்தவர்கள் சோதிக்கவில்லை என்பது இன்னொன்று. மார்ச் மாதம் 24 வார்டுகளிலும் நடந்த ஆய்வில் குடிசைப் பகுதிகளில் 41.6 சதவீதமும் மற்ற இடங்களில் 28.5 சதவீதமும் வந்தன. மாதிரி எடுத்த விதம் வேறு என்பதால் முந்தைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இரண்டு விளக்கங்களிலும் உண்மை உண்டென்றே எனக்குப் படுகிறது.

கட்டடத்துக்கு சீல் வைத்த முடிவை நான் ஆதரிக்கிறேன். தனி அறை, தனிக் குளியலறை, வீட்டு வாசலுக்கே மளிகை என்று எல்லாம் உள்ளவரிடம் பத்து நாள் இரு என்று கேட்பது நியாயம். அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. கேட்டில் நோட்டீஸ் ஒட்டியதும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்த வீடுகளும் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. வாட்ச்மேனோ அதே கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தொற்று உள்ள வீட்டுப் பார்சல்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் முகாமில் படுக்கை ஒதுக்கவில்லை. நோயைக் கொண்டுவருகிறவர்கள் இந்த வேலைக்காரர்கள்தான் என்று குடியிருப்போர் சொசைட்டிகள் நினைத்தன. தொண்ணூறு சதவீதக் கணக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் வந்த ரயில் விதியும் இப்படித்தான். இரண்டு ஊசி போட்டுப் பதினான்கு நாள் ஆனவர்களுக்கே லோக்கல் ரயில் என்றார்கள். நாற்பத்தைந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஊசி தொடங்கியதே மே 1-ல். மே 13-க்குப் பிறகு கோவிஷீல்டு இடைவெளி 12 முதல் 16 வாரம். மே நடுவில் முதல் கோவிஷீல்டு ஊசி கிடைத்த இளைஞனுக்கும் விதி வந்த நாளில் தகுதி இல்லை. தட்டுப்பாட்டில் ஊசியே கிடைக்காதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மாநகராட்சிக்குப் பாராட்டு சேர வேண்டிய இடமும் இருக்கிறது. 24 வார்டுகளுக்கும் 24 வார் ரூம் எனும் கட்டுப்பாட்டு அறைகள். ஆய்வகத்தின் முடிவு வார்டுக்குப் போகும், வார்டு டாக்டர் பேசி யாருக்குப் படுக்கை தேவை என்று தீர்மானிப்பார். 2021 ஏப்ரல் 4 அன்று ஒரே நாளில் 11,163 பேருக்குத் தொற்று. ஏப்ரல் நடுவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீரப்போவதை முன்கூட்டியே கண்டு ஒரே இரவில் 168 நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். டெல்லி மூச்சுத்திணறியபோது உச்ச நீதிமன்றம் மும்பையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னது. படுக்கையைப் பணமும் சிபாரிசும் தீர்மானிக்கிற நாட்டில் இது சாதாரண காரியமல்ல.

மருந்து விஷயத்தில் இந்த நிதானம் காணாமல் போனது. 2020 ஏப்ரலில் தாராவிக்காரர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைத் தடுப்பாகக் கொடுக்கும் யோசனை எழுந்து, பிறகு நின்றது. எதிர்த்துக் கேட்க வழியில்லாதவர்கள் மேல் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருந்தது. பிளாஸ்மா சிகிச்சை அடுத்தது. 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 2020-லேயே பலனில்லை என்று காட்டியும், 2021 மே வரை அது சிகிச்சை நெறிமுறையில் இருந்தது. ரெம்டெசிவிர் சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரில் சொன்னது. ஆறு மாதம் கழித்து, அதே மருந்துச் சீட்டோடு பிள்ளைகள் கடை கடையாக அலைந்தார்கள்; நகையை அடகு வைத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். உயிர் காத்ததாக உறுதியாக நிரூபணமானது டெக்ஸாமெத்தசோன். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் கொடுத்தால் பயன். சில ரூபாய் விலை. அதையும் காய்ச்சல் வந்த முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் நன்மை இல்லை, தீமைக்கு வாய்ப்பு உண்டு. தமிழ் வீடுகளில் கபசுரக் குடிநீர் கொதித்தது. குடித்ததில் தவறில்லை, குடித்தோமே என்று சோதனைக்குப் போகாமல் இருந்ததுதான் தவறு.

செம்பூரின் சொசைட்டி கமிட்டிகளில் இருக்கும் தமிழ் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரசு அடுத்த முறை என்ன செய்யும் என்பது நம் கையில் இல்லை. வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட முடியும்: கட்டடம் அடைபட்டால் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் துப்புரவுக்காரருக்கும் அந்த நாட்களின் சம்பளம் முழுதாகப் போய்ச் சேரும் என்று. பராமரிப்பு நிதியிலிருந்து அதற்கென்று ஒரு தொகையை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.