பென் டேப்லெட்: கணக்கு எழுதும் கையைப் பார்க்க

இக்னோவின் பிசிஏ படிப்பில் பிசிஎஸ்-012 என்று ஒரு தாள் உண்டு. அடிப்படைக் கணிதம். பள்ளிக் கணக்கை மறந்து இருபது வருடமான ஐந்து பேருக்கு, அவர்கள் வேலை முடிந்து வந்தபின், இரவு 9 மணிக்கு அதை இணையத்தில் சொல்லித் தருகிறேன். முன்பெல்லாம் தாளில் போட்டுப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முன் திரையில்லாத பென் டேப்லெட் ஒன்றில் எழுதத் தொடங்கினேன்.

விலை 3,000 ரூபாய்க்குள். எழுதுமிடம் ஆறுக்கு நான்கு அங்குலம். பேனாவுக்குச் சார்ஜ் வேண்டாம். அழுத்தத்தை 8192 படிகளில் உணரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. படம் வரைபவர்களுக்கு அது உதவும். கணக்குக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கை பலகையில், கண் திரையில். பழக நான்கு நாள் ஆனது. முதல் நாளே, டிரைவர் அமைப்பில் பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வரைகிற வட்டமெல்லாம் முட்டையாகிவிடும். ஓடிஜி வழியாகப் போனிலும் செருகலாம். ஆனால் போனை நிமிர்த்திப் பிடித்தால் பலகையில் ஒரு பகுதிதான் வேலை செய்கிறது. போன் மட்டுமே வைத்திருப்பவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

எழுதுவதற்கு ஸோர்னல்++ என்ற இலவச மென்பொருள். கட்டம் போட்ட தாள் வருகிறது. எழுதும்போதே குரலையும் பதிவு செய்யலாம். பிறகு ஒரு வரியைத் தொட்டால், அதை எழுதியபோது பேசியது கேட்கும். அஞ்சாவது வரி ஏன் வந்தது என்று மறுபடி கேட்கக் கூச்சப்படும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் குரல் அதோடு போகாது.

இதுவரை சொன்னதெல்லாம் என் பக்கத்து வசதி. பலகையின் அருமை தெரிந்தது, அதை அந்த ஐவரில் ஒரு மாணவியிடம் கொடுத்தபோதுதான். நாற்பது வயதைத் தாண்டியவர், கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தர். மூன்று வரிசை அணிக்கோவைகளில் அவருக்குத் திரும்பத் திரும்ப விடை தப்பும். படத்தில் பார்த்தால் அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான தப்பு. கவனக்குறைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

மகனின் மடிக்கணினியில் பலகையைச் செருகி, திரையைப் பகிர்ந்துகொண்டே போட்டார். முதல் உறுப்பை விரித்தார். இரண்டாவதுக்கு வந்ததும் குறி போடும் இடத்தை விட்டுவிட்டு, எண்களை எழுதி முடித்தார். பேனா அங்கேயே நின்றது. பிறகு திரும்பிவந்து, கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டார்.

"அந்த இடம் வந்தாலே பயமா இருக்கு டீச்சர்" என்றார்.

இணைக்காரணியின் குறி ஒன்றுவிட்டு ஒன்று மாறுவதை அன்று கட்டம் கட்டமாக எழுதிப் பார்த்தோம். மாதக்கணக்கில் படங்களில் எனக்குப் பிடிபடாத சிக்கல், பேனா நின்ற அந்தச் சில நொடியில் தெரிந்துவிட்டது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படிப்பவருக்கு வாங்குங்கள். சொல்லித் தருபவர் போனை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, தாளில் எழுதிக் காட்டிச் சமாளிக்கலாம். நான் இப்போது அப்படித்தான் நடத்துகிறேன். பலகை அந்த மாணவியிடமே இருக்கிறது.